பாறணைக்கு வைத்த குளிசைகள்

பேர்ண்,
12.11.1986

அன்புள்ள தனலட்சுமி அக்காவுக்கு,

நான் இரவீந்திரன். உங்கள் தம்பி தவச்செல்வனோடு ஒரே அறையில் இருப்பவன். இங்கே சுவிஸில் ஒரே ஹோட்டலில் கோப்பை கழுவுகிறோம். மனதைத் திடப்படுத்திக்கொண்டு வாசியுங்கள்.

ஞாயிறு காலை வேலையில் அவனுக்கு வலிப்பு வந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விடாமல் இழுத்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு நிற்பாட்டினார்கள். இப்போது வேறு கரைச்சல். உடம்புக்குள் கண்ட இடமெல்லாம் இரத்தம் உறைகிறதாம். உறைய வைக்கும் சத்து அதிலேயே தீர்ந்துபோக, பல் முரசிலும் ஊசி குத்திய இடங்களிலும் நிற்காமல் கசிகிறது. நினைவு இல்லை.

"முந்தி இந்த வருத்தம் இருந்ததோ?" என்று டொக்டர் கேட்கிறார். முருகன் படத்துக்குப் பின்னால் பேப்பரில் சுற்றிய பன்னிரண்டு மருந்துக் குளிசைகள் கிடைத்தன. கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றையும் மறைக்காமல் எழுதுங்கள்.

இரவீந்திரன்

கொக்குவில்,
27.11.1986

அன்புள்ள தம்பி இரவீந்திரனுக்கு,

இருந்தது. பதினொரு வயதிலிருந்து. நாளைக்கு அவனுக்குப் பெண் கேட்க வேண்டுமே என்று ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. "அங்கையும் மூச்சு விடாதை" என்று சத்தியம் வாங்கித்தான் அனுப்பினேன்.

நாளுக்கு இரண்டு குளிசை. கந்தசஷ்டி ஆறு நாள். சாப்பிட்ட பிறகுதான் போடவேணும் என்று சின்னனில் பழக்கியதும் நான். விசா கிடைக்கவேணும், இந்த முறை தண்ணீரோடு விரதம் இரு என்று எழுதியதும் நான். சாப்பாடு இல்லையென்று குளிசையையும் விட்டிருக்கிறான். விரதம் முடிக்கும் பாறணையோடு தொடங்கலாம் என்று அந்தப் பன்னிரண்டையும் எடுத்து வைத்திருக்கிறான்.

டொக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லும். அவன் இருக்கிறானா என்று ஒரு வரி போடும். தபால்காரரின் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பினால் நான் அறைக்குள் போய் ஒளிக்கிறேன்.

தனலட்சுமி

பேர்ண்,
14.12.1986

அன்புள்ள அக்கா,

இருக்கிறான்.

பிளாஸ்மா பை பையாக ஏற்றி, ஆறாம் நாள்தான் கசிவு நின்றது. வலது காலில் மட்டும் ஒரு இரத்தக்கட்டி. அது நெஞ்சுக்கு ஏறாமலிருக்க மருந்து கொடுக்கிறார்கள். டொக்டர் இன்னும் பயம் தீர்ந்தது என்று சொல்லவில்லை. நானும் அவன் மூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

கண் விழித்த அன்று, கையில் ஏறிய குளுக்கோசைக் காட்டினான். "மச்சான், பாறணைக்கு முந்தியே இதை ஏத்திப்போட்டாங்களோ? அக்காவுக்கு எழுதிப்போடாதை. விரதம் முறிஞ்சதெண்டு அறிஞ்சா அவ தாங்கமாட்டா."

ஓம் என்று சொல்லிவிட்டேன். நீங்களும் தெரியாதது போலவே அவனுக்கு எழுதுங்கள். ஆனால் வெறும் வயிற்றென்றாலும் குளிசையை விடக்கூடாது என்று முதல் வரியிலேயே எழுதுங்கள், அக்கா. டொக்டர் சொல்லிவிட்டார், நானும் சொல்லிவிட்டேன். நீங்கள் சொன்னால்தான் போடுவானாம்.

இரவீந்திரன்