செத்த வீட்டுக்குப் பில் எழுதாதவன்

மச்சான்,

இன்று காலை கொட்டாஞ்சேனையில் ஒரு செத்த வீட்டுக்குப் படம் எடுக்கப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். மெழுகுதிரியும் பூவும் உடல் கெடாமல் ஏற்றுகிற எம்பாம் மருந்தும் கலந்த அந்த மணம் சேர்ட்டில் இன்னும் இருக்கிறது. அந்த மணம் வந்தால் நீ வந்துவிடுவாய். படம் எடுத்து முடிந்ததும் செத்தவருடைய மகளிடம் பில்லைக் கிழித்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அங்கிள், தொகை போட மறந்திட்டீங்க" என்றாள். மறக்கவில்லை என்றேன். காரணத்தை அவளிடம் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற லேனில் நாம் ஸ்டூடியோ திறந்த புதிதில், எனக்குக் கடதாசிப் பைத்தியம் என்று சொல்லித் திரிவாய். பைத்தியம் இல்லை, பயம். யாழ்ப்பாணத்து முகவரி போட்ட அடையாள அட்டையோடு, வயரும் பிளாஷும் நிறைந்த பையைத் தூக்கிக்கொண்டு சோதனைச் சாவடிகளைத் தாண்டுகிறவன் நான். ஒவ்வொரு முறையும் பையைக் கொட்டிக் காட்ட வேண்டும். வியாபாரப் பெயரைப் பதிந்து, இரண்டு பேரையும் கூட்டாளிகளாகப் போட்டு, சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிய அன்றுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. நீயோ கொழும்புத் துறைமுகத்துக் குடும்பத்தில் பிறந்தவன். சிங்களம் உன் வாயில் தண்ணீராக ஓடும். "என்னடா மச்சான், சாமிப் படம் மாட்டவேண்டிய இடத்தில சேர்ட்டிபிக்கட்ட மாட்டிட்டாய்" என்று சிரித்தாய்.

அப்போது புரள்வு வரி என்று ஒன்று இருந்தது. வியாபாரத்தில் வருகிற மொத்தப் பணத்தின் மேல் போடுகிற வரி. வரவு ஒரு வரம்புக்குள் இருந்தால் கட்டத் தேவையில்லை. நாம் அந்த வரம்புக்கு எவ்வளவோ கீழே இருந்தோம். இருந்தாலும் பிலிம் வாங்கிய ஒவ்வொரு பில்லையும் நான் கம்பியில் குத்தி வைத்தேன். கலியாணம், கோயிலில் பிள்ளைகளின் முதல் நன்மைப் பூசை, பாஸ்போட் படம் என்று நாம் செய்த வேலைக்கெல்லாம் பில் எழுதினேன். செத்த வீடுகளுக்கு மட்டும் நீ எழுத விடவில்லை.

சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் குடும்பம் சுற்றி நின்று எடுக்கிற அந்தக் கடைசிப் படத்துக்கு நீ காசு வாங்கியதே இல்லை. யுத்தம் நடந்த அந்த வருடங்களில் கொழும்பில் நம் ஆட்களின் வீடுகளில் பெட்டிகளுக்குக் குறைவில்லை. சில பெட்டிகளைத் திறக்கவே விடமாட்டார்கள். மூடிய பெட்டியைச் சுற்றி நின்றவர்களையும் நீ எடுத்தாய். காசு வேண்டாமென்றால் வெறும் பில்லாவது எழுதுவோம் என்று ஒருமுறை கேட்டேன். "செத்த வீட்டில பில் நீட்டின கையால சோறு தின்னேலாது மச்சான்" என்றாய். அத்தோடு பேச்சு முடிந்தது.

பிறகு வரிக் கந்தோரிலிருந்து அந்த மனிதர் வந்தார். நல்ல மனிதர், அதைச் சொல்லத்தான் வேண்டும். தேத்தண்ணி குடித்துக்கொண்டே நான் குத்தி வைத்த பிலிம் பில்களை எண்ணினார். நாம் எழுதிய பில்களையும் எண்ணினார். வாங்கிய பிலிமில் பாதிக்குத்தான் விற்பனை இருந்தது. மீதிப் பிலிம் எங்கே என்று உன்னிடம் சிங்களத்தில் தன்மையாகத்தான் கேட்டார். சும்மா எடுத்துக் கொடுத்தோம் என்றாய். அவர் உன்னையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். யார்தான் நம்புவார்கள்? அந்தப் பாதியையும் விற்பனையாகக் கணக்கிட்டால் வரம்பைத் தாண்டிவிடும். பழைய வருடங்களுக்கும் வரி, அதற்கு மேல் தண்டம். அந்த வீட்டுக்காரர்களிடம் கடிதம் வாங்கி வாருங்கள், இல்லையென்றால் நெகடிவ்களைக் கொண்டுவந்து காட்டுங்கள், விட்டுவிடுகிறேன் என்றார்.

எனக்கு உயிர் வந்தது. நெகடிவ் எல்லாம் உன் தகரப் பெட்டியில் இருந்தன. நாளைக்கே கொண்டுபோவோம் என்றேன். நீ அசையவில்லை.

"அந்தப் படங்களில நிக்கிற ஆக்கள யோசிச்சியா? அரைவாசிப் பேருக்குக் கொழும்பில தங்கப் பொலிஸ் பதிவு இல்ல. சாவுக்கு வந்து ஒளிச்சு நிண்டிட்டுப் போனவங்க."

"அவர் வரிக் கந்தோர் மனிசன். பொலிஸ் இல்லை."

"ஒரு படம் ஒரே மேசையில கிடக்கும் என்டு உனக்கு யாரு சொன்னது?"

"அப்ப கடிதமாவது வாங்குவம். நாலு வீடு போதும்."

"மகன் எப்பிடிச் செத்தான் என்டு வெளிய சொல்லப் பயந்துகொண்டு இருக்கிற தாய்க்கிட்ட, கவர்ன்மென்ட் கந்தோருக்கு அவன்ட பேரை எழுதித் தா என்டு கேக்கச் சொல்றியா? நான் போகமாட்டன். நீயும் போகப்படாது."

பிறகு கத்தரிக்கோலை எடுத்து நெகடிவ்களைத் துண்டு துண்டாக வெட்டினாய். லேன் முடிவில் கடற்கரை ரயில் போனது, மேசை அதிர்ந்தது. ரயில் போகிற நேரத்தில் பிரிண்ட் கலங்கும் என்று நாம் எப்போதும் வேலையை நிறுத்திக் காத்திருப்போம். அன்று நீ நிறுத்தவில்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தேன். உன்மேல் வந்த கோபம், சத்தியமாகச் சொல்கிறேன், இன்றைக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

வரியும் தண்டமும் கட்ட, பிரிண்ட் போடுகிற மெசினை விற்றோம். நல்ல கமராவையும் விற்றோம். அதுவும் போதாமல் கடையை விட்டோம். சான்றிதழைச் சட்டத்தோடு கழற்றி நான் அறைக்குக் கொண்டுபோனேன். நீ துறைமுகத்தில் சாமான் எண்ணுகிற வேலைக்குப் போய், வெயிலில் கறுத்து மெலிந்தாய். அதற்குப் பிறகு நீ கமராவைத் தொடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிற்கையில் உன் நெஞ்சு நின்றுபோனது. தலைமயிர்கூட நரைக்கவில்லை உனக்கு.

கடைசிப் படத்தை நான்தான் எடுக்க வேண்டும் என்று உன் மனைவி சொன்னாள். இரவல் கமராதான். உன் வீட்டு ஹோலில் குடும்பத்தை நிற்பாட்டினேன். அப்போது எனக்குத் தெரியாத வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி வந்து உன் தலைமாட்டில் நின்றாள். "அம்மா, குடும்பத்து ஆக்கள் மட்டும்" என்று உன் மைத்துனன் அவளை விலக்கப் பார்த்தான்.

"எங்கட பொடியன்ட பெட்டிக்குப் பக்கத்தில ஒருத்தரும் நிக்கப் பயந்த நேரம் வந்து நிண்டவர், தம்பி, இவர். நான் நிப்பன்."

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். பிறகு ஒரு கிழவனும் மருமகளும். பிறகு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக. ஆட்கள் படத்துக்குள் அடங்கவில்லை. நான் பின்னால் நகர்ந்து நகர்ந்து வாசற்படி தாண்டித் தெருவுக்கே வந்துவிட்டேன். வரிக் கந்தோருக்கு நாலு வீட்டுக் கடிதம் போதும் என்றேன், மச்சான். நாற்பது கடிதம் உன் பெட்டியைச் சுற்றி நின்றது. எனக்கு அழுகை வந்தது, போகஸ் பிடிபடவில்லை. குத்துமதிப்பாக அமுக்கினேன். படம் கொஞ்சம் கலங்கித்தான் வந்திருக்கிறது.

சாவீடு முடிந்து நேரே போய் ஒரு பில் புத்தகம் வாங்கினேன். முதல் பில்லை உன் மனைவியிடம் கொடுத்தேன். "இறுதிப் படம். தொகை இல்லை." ஸ்டூடியோவைத் திரும்பத் திறக்கப் பல வருடம் பிடித்தது. புரள்வு வரி போய் வேறு வேறு பெயரில் வரிகள் வந்துவிட்டன. வியாபாரப் பதிவில் இப்போது என் பெயர் மட்டும்தான்.

செத்த வீடுகளுக்கு இன்றைக்கும் காசு வாங்குவதில்லை. ஆனால் பில் எழுதுகிறேன். யார் வந்து எண்ணினாலும் பிலிமுக்கோ படத்துக்கோ கணக்கு இருக்கும். அதில் செத்தவரின் பெயரையோ வீட்டு முகவரியையோ எழுதுவதில்லை. காலையில் அந்தப் பிள்ளை விடாமல் கேட்டாள்: "பேரும் இல்லை, தொகையும் இல்லை. பிறகு ஏன் அங்கிள் பில்?"

"நாங்கள் ரெண்டு பேர், பிள்ளை. பில் எழுதவேணும் எண்டது நான். பேர் எழுதக்கூடாது எண்டது மற்றவர்" என்றேன்.

மற்றவர் எங்கே என்று வாசலை எட்டிப் பார்த்தாள்.