படத்துக்குப் பின்னால் எழுதிய பெயர்கள்

பீரோவைத் திறந்ததும் புளித்த காடி வாடை மூக்கைக் குத்தியது. பழைய நெகடிவ் கெட்டால் அப்படித்தான் நாறும். உள்ளே இருந்தது உன் படப்பெட்டிதான். நீ போய் மூன்று மாதமாகிறது. திறக்க இன்றைக்குத்தான் தைரியம் வந்தது.

கல்வராயன் மலையில் தினை அறுத்தவர்கள், மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலில் கரும்பு வண்டியோடு காத்துக்கிடந்தவர்கள், எலவனாசூர்கோட்டைப் பக்கம் உன் சொந்த ஊர்க்காரர்கள். எடுத்த படத்துக்கெல்லாம் பின்னால் பென்சிலால் பெயர், அப்பன் பெயர், தெரு என்று எழுதிவைப்பாய். நாம் சேர்ந்து நடத்திய ஸ்டூடியோவில் கல்யாண ஆர்டர் குவிந்து கிடக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இன்னாடா, ஜனத்தொகை கணக்கு எடுத்துக்கினு இருக்கியா?"

"நாளைக்கு நம்ம பசங்க பாத்தா, இது யாரு வூட்டு ஆளுன்னு தெரியணும் இல்ல?" என்பாய்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோட்டில் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்த வாரம். பஸ் இல்லை, கள்ளக்குறிச்சிக் கடைவீதியே வாயடைத்துக் கிடந்தது. சாய்ந்த புளியமரத்தின்மேல் உன் ஊர் ஆட்கள் பதினோரு பேர் உட்கார்ந்து சிரிக்கிற படத்தை எடுத்துவந்தாய். என்ன படம்டா அது! பெரிதாகப் போட்டு, உன்னைக் கேட்காமலே ஷோகேஸில் வைத்தேன்.

மூன்றாம் நாள் வெள்ளைச்சட்டைக்காரர் ஒருவர் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். உள்ளே வந்து, "பேப்பர்ல போடலாம்னு இருக்கோம். ஒரு காப்பி குடுங்க," என்றார். எந்தப் பேப்பர் என்று நான் கேட்கவில்லை. பேப்பர் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ வைத்திருந்த சின்னப் பிரதியை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப நல்லதாப் போச்சு," என்றார்.

அவர் தெருமுனையில் போலீஸ் ஜீப்பில் ஏறியபோதுதான் எனக்கு உறைத்தது. ஊருக்குச் சொல்லி அனுப்பலாமென்றால் பஸ் இல்லை. மறுநாள் மத்தியானத்துக்குள் பதினோரு பேரையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், தெரு மாறாமல், பெயர் மாறாமல். உன் சித்தப்பா மகன் காலை ஊன்ற முடியாமல்தான் திரும்பிவந்தான்.

"காட்டிக் குடுத்துட்டியேடா, பாவி!" என்று சித்தப்பா ஸ்டூடியோ வாசலில் உன்மேல் மண்ணை வாரித் தூற்றினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். நீ என்னை ஒருமுறை பார்த்தாய். பிறகு தலையைக் குனிந்துகொண்டாய். பஸ் ஓட ஆரம்பித்தும் நீ ஊர்ப்பக்கம் போகவில்லை. "நான்தான எழுதுனேன்," என்றாய் ஒருநாள், அவ்வளவுதான்.

உன்னை எரித்த அன்று ஊரிலிருந்து ஒருத்தன் மட்டும் வந்தான். அந்தச் சித்தப்பா மகன். நொண்டிக்கொண்டே என்னிடம் வந்து, "அண்ணே, இவரு ஏன் அப்பிடி பண்ணாரு? உங்ககிட்டயாச்சும் சொன்னாரா?" என்று கேட்டான்.

"தெரியாதுப்பா," என்றேன்.

உயிரோடு இருந்தவரைக்கும் என் பழியைச் சுமந்தாயே, அது போதாதென்று பாடையில் கிடந்தவன் தலையிலும் அதைக் கட்டி அனுப்பினேன்டா.