தூசி என்று போன மச்சம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

எங்கள் கடையில் புகைப்படத்தைப் பித்தளைத் தகட்டில் செதுக்கித் தருகிறோம். மெஷினுக்குக் கோடு மட்டும்தான் தெரியும். படத்தை முதலில் கோடுகளாக மாற்ற வேண்டும். இறந்துபோன தன் அம்மாவின் பழைய படத்தை ஒருவர் கொடுத்திருந்தார். கம்ப்யூட்டரிடம் விட்டால் படத்திலிருக்கும் தூசியையும் கோடாக்கிவிடும் என்று, நானே கண் வலிக்க இரண்டு நாள் வரைந்தேன். சூப்பர்வைசருக்குப் பொறுக்கவில்லை. "கம்ப்யூட்டர் ரெண்டு நிமிஷத்துல பண்றதுக்கு உனக்கு ரெண்டு நாளா?" என்று என்னுடையதை ஒதுக்கிவிட்டு, சின்னப் புள்ளிகளையெல்லாம் நீக்கும்படி கம்ப்யூட்டரில் வைத்து அவரே படத்தைக் கோடுகளாக மாற்றினார். தூசியோடு அந்த அம்மாவின் உதட்டோர மச்சமும் போய்விட்டது.

படம் கொடுத்தவர் வந்து தகட்டைப் பார்த்துவிட்டு, "இது எங்கம்மா மாதிரியே இல்லீங்களே" என்றார். சூப்பர்வைசர் கூசாமல் என்னைக் கைகாட்டினார். "தூசின்னு தூக்கினது நீங்க, சார். நான் வரைஞ்சதுல மச்சம் அப்படியே இருக்கு, பாருங்க" என்று என் படத்தை எல்லார் முன்னாலும் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன். இப்போது சூப்பர்வைசர் என்னோடு பேசுவதில்லை. நல்லதாகப் போயிற்று. வேலை போகாது, பயப்படாதே.

தம்பி மேலும் கோபம்தான். அவன் போனில் அனுப்பிய உன் படத்தை மேஜையில் ஒட்டி வைக்கலாம் என்று பெரிதாக்கினேன். உன் கன்னத்து மச்சத்தைக் காணோம். முகத்தை வழவழப்பாக்கும் அந்தக் கண்றாவியை அணைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் வேறு படம் எடுக்கச் சொல். நீயும் பவுடர் பூசிக்கொண்டு நிற்காதே. எனக்கு எங்கம்மா மாதிரியே இருக்கிற படம் வேண்டும்.

சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது.

உன் மகள்