மீன் சாப்பிடாத வீடு

2020 ஜூலை, வெள்ளி இரவு

திருநள்ளாறில் நான் வேலை பார்த்த லாட்ஜைப் பூட்டியதிலிருந்து வீட்டில் ரேஷன் அரிசிக் கஞ்சிதான். கோயிலுக்கு வெளியூர் ஆட்கள் வராததால் என் வீட்டுக்காரரின் வேனும் ஓடவில்லை. அவர் யாரோடும் பேசாமல் உள்ளேயே படுத்துக் கிடக்கிறார்.

இன்று காலை கடலோர மீனவர் ஊரான கிளிஞ்சல்மேட்டிலிருந்து ஓர் அம்மா கூடையோடு வந்து, வேலை போன வீடுகளுக்கெல்லாம் காசு வாங்காமல் மீன் கொடுத்தார். எங்கள் வாசலிலும் நின்றார்.

"நாங்க மீன் சாப்பிடுறதில்லைங்க," என்றேன். பசியோடு இருந்துகொண்டு வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அவர் முகம் வாடித் திரும்பிப் போனார்.

சாயங்காலம் அவரே மறுபடி வந்தார். கூடையில் கத்திரிக்காயும் முருங்கைக்காயும் இருந்தன.

"பூவம் கிராமத்துல மீனக் குடுத்து காயா மாத்திக்கிட்டு வந்தேன். சுனாமியப்ப ஒங்க ஊருலேருந்துதான் தெனமும் புளிசோறு வந்துச்சு. எங்களுக்கு என்ன புடிக்கும்னு அப்ப யாரும் கேக்கல. நானாவது காலையிலயே ஒங்கள கேட்டிருக்கணும்."

கையைப் பிடிக்கப் போனேன். கொரோனா ஞாபகம் வந்து நின்றுவிட்டேன். "குழம்பு வைக்கிறேன், இருந்து சாப்பிட்டுப் போங்கம்மா," என்றேன்.

"அட போம்மா! மீன் இல்லாம எனக்குச் சோறு எறங்காது. புளிசோறத் தின்னு தின்னு அப்பவே நாக்கு செத்துப்போச்சு!"

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர்தான். எத்தனை நாளாயிற்று! குழம்பு கொதித்ததும், நான் கூப்பிடாமலே எழுந்து வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தார்.