ஓசி ஆட்டக்காரி

மார்ச் 4, செவ்வாய்

இன்று பல்செட்டில் மூன்று மேல்வரிசை, ஒரு கீழ்வரிசை. அந்தக் கீழ்வரிசைக்காரர் மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார். கடித்தால் இடிக்கிறதாம். அவர் வாய் அச்சில் நீலத்தாளை வைத்துக் கடிக்கவிட்டு, கறை பட்ட இடத்தைத் தேய்த்துக் கொடுத்தேன். பொய்ப்பல்லில் ஒரு மயிரிழை கூடினாலும் வாய்க்குள் மலை மாதிரித் தெரியும். இருபது வருடமாக இந்த மயிரிழையோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

ஏழு மணிக்கு வழக்கம்போலத் தம்பியோடு போனில் ஆட்டம். "தினமும் அப்படி என்னதான் பண்றீங்க ரெண்டு பேரும்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர், நான் கேடயத்தோடு கோட்டை வாசலில் நிற்பேன், அவன் ஈட்டியோடு சுற்றி வருவான் என்று விளக்கினேன். "ஆக, இங்கயும் நீதான் வாசல்ல நின்னு மறிக்கிற ஆளு" என்றார். லிப்ட் பழுது பார்க்கிறவருக்கு வாய்க்கொழுப்பு.

மூன்று ஜெயம், ஒரு தோல்வி. "நாளைக்கு வரேன்" பொத்தானை அழுத்திவிட்டுத் தம்பி போனான். நானும் அழுத்தினேன்.

மார்ச் 6, வியாழன்

அநியாயம்! இதைவிட அநியாயம் உண்டா?

ஆட்டத்தில் புதிய பருவமாம், விதியெல்லாம் மாற்றமாம். அந்த ஆட்டத்தில் வாயால் பேசவும் முடியாது, எழுதவும் முடியாது. ஆறு பேச்சுப் பொத்தான்கள், அவ்வளவுதான். தாக்கு, ஓடு, காப்பாத்து, நன்றி, மன்னிச்சிடு, நாளைக்கு வரேன். இன்று திறந்தால் நான்கின் மேல் பூட்டுத் தொங்குகிறது. "தங்கப் பொதி" வாங்கினால் திறக்குமாம். இலவசக்காரர்களுக்குத் தாக்கு, ஓடு இரண்டும் போதுமாம். பெரிய மனது பண்ணிப் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள்: "கடையைப் பாருங்கள்!"

நன்றி சொல்லக் காசு. மன்னிப்புக் கேட்கக் காசு. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதற்கும் காசு. பல்லைக் கட்டிக் கொடுத்துவிட்டு, மெல்லுவதற்குத் தனியாகக் கொடு என்று நான் கேட்டால் ஊர் சும்மா விடுமா?

ஆட்டம் முடிந்ததும் என்ன சொல்லிவிட்டுப் போவது என்று தெரியாமல் இரண்டு பேரும் கோட்டை வாசலில் நின்றோம். கடைசியில் அவன் "கடையைப் பாருங்கள்!" என்று அழுத்தினான். சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகுதான் எரிச்சல் வந்தது.

மார்ச் 7, வெள்ளி

பல்கூடத்தில் இதைச் சொல்லிப் புலம்பினேன். என் பக்கத்து மேசையில் பீங்கான் பல் செய்கிறவர் தூரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கலாமாக்கா?" என்றார்.

"பல்லைப் புடிச்சுப் பாக்குறதுதானே நம்ம பொழப்பே?" என்றேன்.

தானமாமே! எது தானம்? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அரை நிமிடம் விளம்பரம் பார்க்கிறேன். அது என் நேரமில்லையா? அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இன்று உறைத்தது. தங்கப் பொதி வாங்கித் தங்கக் கவசம் மாட்டியவன் யாரை அடித்து ஜெயிப்பான்? அடிவாங்க ஆள் வேண்டுமே. அந்த ஆள் நாங்கள்தான். இன்று எதிரில் வந்த இரண்டு கவசக்காரர்களும் என்னை ஒரே அடியில் சாய்த்தார்கள். என் கேடயம் அப்பளம். இரண்டு வருடம் பழகிய கையை விற்பனைக்கு வைத்த ஒரு சட்டை தோற்கடிக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

நிறுவனத்துக்கு நீளமாகப் புகார் எழுதினேன். நான்கே நிமிடத்தில் பதில்: "உங்கள் கருத்து எங்களுக்குப் பொக்கிஷம்! அன்புப் பரிசாக ஒரு பூசணித் தொப்பி!" தொப்பி ஒரு நாளைக்குத்தான் செல்லுமாம்.

போட்டுக்கொண்டு ஆடினேன். தோற்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

"இவ்வளவு கோவப்படுறதுக்கு உன் தம்பிக்கு ஒரு போன் போட்டுப் பேசினா என்ன?" என்று இவர் கேட்டார்.

"மொதல்ல அவன் போடட்டும்."

"மூணு வருஷமா இதையேதான் சொல்ற."

அம்மா ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தாள். கண் திறக்கும்போதெல்லாம் அவனைக் கேட்டாள். எல்லாம் முடிந்த பிறகு பன்னிரண்டாம் நாள் பெட்டியோடு வந்து நின்றான். வாசலிலேயே, அத்தனை பேர் முன்னால், "விருந்தாளி வந்தாச்சு, யாராவது நாற்காலி போடுங்க" என்றேன். அவன் இரண்டு நாள் இருந்துவிட்டுக் கடல் தாண்டித் தன் வேலைக்குப் போய்விட்டான். அதன் பிறகு அவனும் போன் செய்யவில்லை, நானும் செய்யவில்லை.

ஒரு வருடம் கழித்து இந்த ஆட்டத்தில் ஓர் அழைப்பு வந்தது: "ஒட்டடைக்குச்சி உங்களோடு ஜோடி சேர விரும்புகிறார்." அவன் ஒல்லியாக வளர்ந்த காலத்தில் நான் வைத்த பெயர். வேறு யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து தினமும் ஏழு மணி. அவனுக்கு அங்கே அது மதிய இடைவேளை. இரண்டு வருடமாக எங்களுக்குள் இருக்கும் பேச்சு அந்த ஆறு பொத்தான்தான்.

அதில்தான் இவர்கள் கைவைத்திருக்கிறார்கள். இது விளையாட்டுக் கோபமில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

மார்ச் 15, சனி

வந்தான். தம்பிக்குத் தலையிலிருந்து கால்வரை தங்கக் கவசம். கல்யாண மாப்பிள்ளை தோற்றுப் போவான்.

வாங்கிவிட்டான்! நான் அப்பளத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன், இவன் ஈட்டியை ஓங்குவதற்குள் எதிரிகள் விழுகிறார்கள். நான்கு ஆட்டமும் ஜெயம். எனக்கு வேலையே இல்லை. போகும்போது "நாளைக்கு வரேன்" என்று அழுத்தினான். பதில் சொல்ல என்னிடம் பொத்தான் இல்லை. இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

எல்லாரும் அடிவாங்குகிறோம் என்றுதானே நினைத்திருந்தேன்? நீ மட்டும் எப்படிடா அந்தப் பக்கம் போன?

மார்ச் 17, திங்கள்

மண், செம்பு, வெள்ளி, பொன் என்று நான்கு படி. கவசக்காரர்களுக்கு ஒரு ஜெயத்துக்கு நான்கு மடங்கு புள்ளி. இரண்டே நாளில் தம்பி பொன்படி ஏறிவிட்டான். நான் செம்பிலேயே இருக்கிறேன். ஜோடி சேர ஒரு படிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாதாம், புதிய விதி. அவன் பெயரைத் தொட்டால், "உங்கள் நண்பர் உங்களைவிட உயர்ந்தவர்! தங்கப் பொதி வாங்கி அவரை எட்டிப் பிடியுங்கள்!" என்று வருகிறது.

உயர்ந்தவராம். இவனுக்கு மூக்கு துடைத்துவிட்டவள் நான்.

மார்ச் 20, வியாழன்

ஏழு மணிக்குச் செய்ய எதுவுமில்லை. துவைத்த துணியையே மறுபடி மடித்தேன். வாங்கித் தொலைத்துவிடலாமா என்று கடையைத் திறந்தேன். விரல் பொத்தான்மேல் இருந்தது. மாட்டேன். என் தம்பியோடு நான் நிற்பதற்கு இவர்களுக்கு எதற்கு நுழைவுச்சீட்டு?

இன்று ஒரு மேல்வரிசையில் கோரைப்பல்லை இடம் மாற்றி வைத்துவிட்டேன். பீங்கான்காரர்தான் பார்த்துச் சொன்னார். இருபது வருடத்தில் இப்படிச் செய்ததில்லை.

மார்ச் 24, திங்கள்

ஆட்டத்தில் தம்பியின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். தோல்வி, தோல்வி, தோல்வி. மூன்று நாளில் முப்பத்தோரு தோல்வி. ஒரு ஜெயம்கூட இல்லை.

நன்றாக வேண்டும். கவசம் வாங்கலாம், கை வாங்க முடியுமா?

மார்ச் 27, வியாழன்

தோல்வி அறுபதைத் தாண்டிவிட்டது. தங்கக் கவசத்தோடு அறுபது முறை தோற்க யாராலும் முடியாது. உடம்புக்கு ஏதாவதா? வேறு யார் கையிலாவது போனைக் கொடுத்துவிட்டானா?

நண்பர்களின் ஆட்டத்தை வெளியிலிருந்து வேடிக்கை பார்க்க ஒரு வசதி உண்டு. இன்று பார்த்தேன்.

அவன் ஆடவேயில்லை. வாசலுக்கு வெளியே ஈட்டியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். வருகிறவன் போகிறவன் எல்லாம் அடிக்கிறான். தம்பி விழுகிறான், எழுந்து அதே இடத்துக்கு வந்து நிற்கிறான். எட்டு முறை. ஆட்டம் முடிகிறது, புள்ளி குறைகிறது, அடுத்த ஆட்டம். மறுபடி அதே நிற்பு.

இறங்கி வருகிறான். அடி வாங்கியே, என் படியை நோக்கி.

போனைக் கவிழ்த்து வைத்தேன். "என்னாச்சு?" என்றார் இவர். சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. "தானாடாட்டியும் தன் சதை ஆடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். நான் அழுதேன். முதல் நாளே அவன் வாங்கிய கவசத்தைப் பார்த்தேனே தவிர, ஏன் வாங்கினான் என்று யோசித்தேனா?

மார்ச் 31, திங்கள்

இன்னும் நான்கு தோற்றால் வெள்ளிப்படி, என் செம்புக்கு ஒரு படிதான் மேலே. இன்று சேர்ந்து ஆடலாம் என்று ஆறே முக்காலுக்கே உட்கார்ந்தேன். அவன் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்து: "வேண்டுமென்றே தோற்பது நியாயமான ஆட்டத்துக்கு எதிரானது. ஏழு நாள் தடை."

நியாயமாம்! இந்த வாயிலிருந்து அந்த வார்த்தை! ஜெயிப்பதைக் கடையில் வைத்து விற்பவர்களுக்குத் தோற்பது குற்றமாகிவிட்டதா? குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். காசு கொடுத்து ஏறலாம், அக்காவுக்காக இறங்கக் கூடாதா? எவன்டா இந்தச் சட்டத்தை எழுதினது? அவனுக்கு அக்கா தங்கச்சி கிடையாதா?

புகார் எழுத ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். இன்னொரு தொப்பி வேண்டாம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஏழு மணிக்கு நானே போன் செய்தேன். ஐந்து முறை மணி அடித்தது.

"அக்கா? என்னக்கா... யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?"

கடைசியாக நான் போன் செய்தது அம்மாவுக்காக.

"எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்டா. மணி ஏழாச்சு. அதான்."

அவன் பக்கத்தில் ஏதோ வண்டி பின்னால் வரும் சத்தம். கிடங்கில் சுமைதூக்கி வண்டி ஓட்டுகிறான்.

"எதுக்குடா அந்தக் கவசத்தை வாங்கின?"

"நான் எங்கக்கா கவசம் வாங்கினேன்? அந்த நாலு பேச்சு வேணும்னு வாங்கினேன். தனியா தரமாட்டாங்களாம். கவசம் தானா வந்து மாட்டிக்கிச்சு, கழட்டவும் முடியல. நாளைக்கு வரேன்னு சொல்லாம போறது என்னமோ மாதிரி இருந்துச்சு."

சொல்ல வேண்டியதை அப்போதே சொல்லாவிட்டால் இன்னும் மூன்று வருடம் ஆகும் என்று தோன்றியது.

"மன்னிச்சிடுடா."

"எதுக்கு? என்னைத் தனியா ஆட விட்டதுக்கா?"

"அது இல்ல. அன்னிக்கு வாசல்ல வச்சு விருந்தாளின்னு சொன்னதுக்கு."

வண்டிச் சத்தம் நின்றது. பிறகு மெதுவாகச் சொன்னான், "ஒம்பது நாள் லீவு தரல. தந்தப்போ விமானம் கெடைக்கல. ரெண்டு நாள் விமான நிலையத்துத் தரையிலதான் கெடந்தேன்."

எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை.

"சரிக்கா, இடைவேளை முடிஞ்சுது" என்றான். வைக்கவில்லை. "நாளைக்கு வரேன்."

"வாடா" என்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இரண்டு மேல்வரிசை. கீழ்வரிசைக்காரர் திருப்பி அனுப்பவில்லை, பொருந்திவிட்டது போலிருக்கிறது.

தடை நேற்றோடு முடிந்தது. ஏழு மணிக்குத் தம்பி போன் செய்தான். அம்மா அந்தப் பதினொரு நாளும் என்னென்ன பேசினாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான், சொன்னேன். நடுவில் காதருகே போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால், "உங்கள் ஜோடி உங்களுக்காகக் காத்திருக்கிறார்! உடனே வாருங்கள்!"

அவனுக்கும் அதே செய்தி வந்ததாம்.

"என்னடா, என்ன பண்ணலாம்?" என்றேன்.

"கடையைப் பாருங்கள்!" என்றான்.

இரண்டு பேரும் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு அம்மா பேசியதை விட்ட இடத்திலிருந்து சொன்னேன்.