மயில் சோடா விளக்கின் சிவப்பு வால்

28-8-57, புதன்
முருகன் துணை. விடியலில் மழை, பலத்த காற்று. துணி காயவில்லை. வாங்கியது: தேங்காய் 2, கற்பூரம், மண்ணெண்ணெய்.

மயில் சோடா கடை மாடியில் என் கணவர் பொருத்திய மயில் உருவ விளம்பர விளக்கின் வால் காற்றில் போயிற்று. பச்சைக் கண்ணாடிக் குழாய் தூள்தூள். எங்கள் காஜா பெராங் பகுதியில் வழி சொல்வதே அந்த மயிலை வைத்துத்தான். பஸ்ஸில்கூட "மயிலுக்கு ஒண்ணு" என்றால் டிக்கெட் கிழிப்பார்கள். அது எரிந்ததும்தான் நான் பூஜை விளக்கு ஏற்றுவது. இன்று வாலில்லாத மயில். பார்க்க மனம் வரவில்லை.

கடை முதலாளி, சீனத் தவுக்கே, கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திர நாள். அதற்குள் வால் எரியாவிட்டால் மயிலையே கழற்றிவிட்டு வெறும் பலகை மாட்டுவாராம்.

29, வியாழன்
வெயில். புதுக் குழாய்க்குச் சிங்கப்பூருக்குச் சொல்லியாயிற்று. இவர் தட்டில் பாதிச் சோறு மீதம். ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

பக்கத்து வீட்டு பாத்துமா: "என்னக்கா, சோடா விளம்பரத்துக்கா வேண்டுதல்?"
"சோடாவுக்கில்ல பாத்துமா. ஏணியில ஏறுறவருக்கு."

30, வெள்ளி
குழாய் வந்தது, உடையாமல். ஆனால் சிவப்பு! பச்சையெல்லாம் கொண்டாட்ட அலங்காரத்துக்குப் போய்விட்டதாம்.

"செவப்பு வாலு மயிலு எங்கயாச்சும் உண்டா? ஊரே சிரிக்கும்." இவர் தலையில் கை.
"இருட்டா கெடக்குறதுக்கு செவப்பு மேல். மாட்டுங்க."

31, சனி
சாயங்காலம் கடைவாசலில் நிற்க இடமில்லை. கொடி, பலூன், பிள்ளைகள். இவர் ஏணியில் ஏறிச் சுவிட்சைப் போட்டார். சிவப்பு வால் எரிந்தது. உடனே கூட்டத்தில் யாரோ, "அடேய், மயிலு சேவலாயிடுச்சுடா!" ஒரே சிரிப்பு. இவர் முகம் சுண்டிவிட்டது.

தெருவில் வாய் திறக்காதவள் நான். எப்படி வந்ததோ குரல். "சேவலா ஆனா என்ன? மயிலு முருகனுக்கு வாகனம், சேவலு கொடி. ரெண்டும் அவன் வூட்டுப் பறவைதான்!"

கைதட்டல். தவுக்கேயும், "மேரா பாகுஸ்!" என்றார். சிவப்பு நல்லதாம், ராசியாம், இனிப் பச்சையே வேண்டாமாம். இவர் ஏணியிலிருந்து கூட்டத்தில் என்னைத் தேடினார்.

பூஜை விளக்கு தாமதம். முருகன் பொறுப்பான்.

1-9, ஞாயிறு
தூறல். நேர்ந்த தேங்காய் உடைத்தாயிற்று. பசாரில் காய்கறி வாங்கிப் பஸ்ஸில் திரும்பும்போது கண்டக்டர்: "மயிலு... சேவலு... ஏதோ ஒண்ணு, எறங்குங்க!"

பஸ் முழுக்கச் சிரிப்பு. இறங்குமுன் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னேன், "எங்க வீட்டுக்காரர் மாட்டுனது."