தீராத வயிற்று வலி

1934 நவம்பர் 12, திங்கள்

விடியலிலிருந்து தூறல். குடைக் கம்பி ஒன்று ஒடிந்துவிட்டது. இடது கடைவாய்ப் பல் மறுபடியும்.

எடிட்டர் கொடுத்த வேலை: முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் சாவுக் குறிப்புகளைச் சரிபார்த்தல். என் மேஜை இழுப்பறையில் ஏழு பேர். ஏழு பேரும் உயிரோடு. முதலில், ரிடையர்டு பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வேங்கடசுப்பையர். ஆடி மாதம் பக்கவாதம் வந்து வலக்கை போனவர். அவருடையதுதான் சீக்கிரம் வேண்டியிருக்கும் என்கிறார் எடிட்டர்.

சித்திரக்குளத்துப் பக்கம் வீடு. மனைவி இல்லை, பிள்ளை ரங்கூனில். கூட இருப்பது முனுசாமி மட்டும். முன்பு இன்ஸ்பெக்டரின் குதிரை வண்டியை ஓட்டியவன், இப்போது ஐம்பது வயதிருக்கும். வாழ்க்கைக் குறிப்புக்கு விவரம் வேண்டும் என்று ஆரம்பித்தேன். இன்ஸ். கட்டிலில் படுத்தபடியே சிரித்தார்.

"என்னை முடிச்சு எழுதியே கொண்டுவந்திருக்கீர். வாசியும் ஓய்."

வாசித்தேன். உயிரோடு இருப்பவர் எதிரில் 'காலமானார்' என்று வாய்விட்டுப் படித்தது முப்பத்தொரு வருஷ உத்தியோகத்தில் இதுவே முதல் தடவை.

கேட்டுவிட்டு அபிப்பிராயம் சொன்னார். பள்ளிக்கூடப் பார்வைப் புத்தகங்களில் எழுதிய அதே முறை. மூன்று வரி. முதல் வரி நல்லது, இரண்டாவது குறை, மூன்றாவது இனிச் செய்ய வேண்டியது.

1. எழுத்தில் தெளிவு இருக்கிறது.
2. ஒரு குறைகூட இல்லாத மனிதனை யாரும் நம்பமாட்டார்கள்.
3. குழந்தைவேலுவைச் சேர்க்கவும்.

யார் என்று கேட்டேன். சாந்தோம் பக்கத்து ஆரம்பப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இன்ஸ். பார்வையிடப் போன நாளில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது, வாசலில் குதிரை மிரண்டது. வகுப்பில் தரையெல்லாம் புளியங்கொட்டை. வாத்தியார் அவற்றைப் பங்கு போட்டுப் பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிந்தது. கூச்சலும் அதே அளவு. அவசரத்தில் இன்ஸ். முதல் வரியையும் மூன்றாம் வரியையும் விட்டுவிட்டார். நடு வரியை மட்டும் எழுதிவிட்டு வண்டியேறினார்: 'வகுப்பில் ஒழுங்கு இல்லை, இவர் இவ்வேலைக்குத் தகுதியற்றவர்.' மூன்றாம் நாள் வாத்தியாரின் உடல் கடற்கரையில்.

"நான் எழுதினதாலதான் போனார். அதைப் போடும். போட்டாத்தான் எழுந்து போவார்."

எங்கிருந்து எழுந்து என்றேன். கட்டிலை ஒட்டியிருந்த நாற்காலியைக் கண்ணால் காட்டினார். தினம் பதினோரு மணிக்கு வருகிறாராம். பேசுவதில்லையாம்.

அப்போது மணி பதினொன்று இருபது. அந்த நாற்காலி காலியாக இருந்தும் இவ்வளவு நேரமும் நான் நின்றுகொண்டே வாசித்திருக்கிறேன் என்பது தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

நவம்பர் 13, செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. பல்லுக்குக் கிராம்புத் தைலம். நாக்கு மரத்துப்போய் காபி ருசிக்கவில்லை. டிகாக்‌ஷன் சரியில்லை என்று வீட்டில் வீண் சண்டை.

ஆபீசில் 1922ஆம் வருஷத்துப் பத்திரிகைக் கட்டு. அரை நாள் புரட்டினேன். நான்காம் பக்கத்து அடியில், ஐந்து வரியில் கிடைத்தது: உபாத்தியாயர் குழந்தைவேலு என்பவர் தீராத வயிற்று வலி தாளாமல் சாந்தோம் கடலில் விழுந்து உயிர்விட்டார்.

நடை என்னுடையது. எழுதியது நான்தான்.

நினைவில் வந்தது கொஞ்சம். போலீஸ் ஸ்டேஷன், ரிஜிஸ்தரில் காரணம் எழுதும் இடம் காலி. "வயித்து வலின்னு போட்டுக்க நைனா" என்றார் ஏட்டு. அது ஒன்றும் புதிதல்ல, எல்லோரும் அப்படித்தான் போடுவோம். காரணம் தெரியாத தற்கொலை எதுவானாலும் வயிற்று வலி. வீட்டாருக்குக் கௌரவம், நமக்கு வீடுவரை போகும் ஒரு நடை மிச்சம். இப்படி எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன் என்று யோசிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

இன்ஸ். குறிப்பில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்: 'வயிற்று வலியால் மாண்ட உபாத்தியாயர் குழந்தைவேலுவைக் குறித்துக் கடைசிவரை வருந்தினார்.' யாரையும் உறுத்தாத வாக்கியம். மாலை ஐந்து மணிக்குப் பிரதியை முனுசாமியிடம் கொடுத்தேன்.

நவம்பர் 15, வியாழன்

நேற்று நாள் முழுக்கக் கொட்டியது. டிராம் லஸ் முனையோடு நின்றுவிட்டது. இன்று வெயில், சேறு.

முனுசாமி பிரதியைத் திருப்பிக் கொடுத்தான். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. சிறிய, உருண்டையான எழுத்து. சின்னப் பிள்ளைகள் பார்த்து எழுதுவதற்கென்று எழுதிப் பழகிய கை. மூன்று வரி:

'வாக்கிய அமைப்பு நன்று.
எனக்கு வயிற்று வலி இருந்ததில்லை.
வீட்டில் விசாரித்து எழுதவும்.'

  எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன், விசாரித்தேன்.

இன்ஸ்.: வலக்கை அசையாது. இடக்கையில் பென்சிலைக் கொடுத்துப் பார்த்தேன், விழுந்தது.
முனுசாமி: கைநாட்டு.
டாக்டர்: மழையாலும் சேற்றாலும் இரண்டு நாளாக வரவில்லை.
வேறு யாராவது: இல்லை.
பிரதி எங்கே இருந்தது: நாற்காலி மேல்.

கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது முனுசாமி என்னைத் தெருப்பக்கம் அழைத்து வந்துவிட்டான். "நாற்காலிய நான் சொவத்தாண்ட போடறேன் சாமி. காலைல பாத்தா கட்டிலாண்ட கீது. அய்யாவால அத்த நவுத்த முடியுமா, நீயே சொல்லு. நான் ஒண்ணியும் கேக்கறதில்ல. சுத்தி வளைச்சுப் பெருக்கிக்கினு போய்க்கினே இருப்பேன்."

இரண்டாம் வரியைவிட முதல் வரிதான் என்னை விடாமல் பிடித்திருக்கிறது. 'நன்று' என்கிற அந்த மரியாதை.

நவம்பர் 16, வெள்ளி

பல் பரவாயில்லை. குடை ரிப்பேர் ஆயிற்று.

எடிட்டரிடம் சொன்னேன், பென்சில் விஷயம் நீங்கலாக. பன்னிரண்டு வருஷம் கழித்துத் திருத்தமா என்றார். சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. போடலாம், ஆனால் என் பெயர் போட்டு, என் தவறு என்று போட வேண்டும். பத்திரிகையை இழுக்கக் கூடாது என்றார். இதுவரை என் பெயர் பத்திரிகையில் வந்ததில்லை. முதல் தடவை இதற்கு.

திருத்தம் எழுதினேன். 'வயிற்று வலி என்றது தவறு. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதிய கடுமையான குறிப்பினால் மனமுடைந்து உயிர்விட்டார்.' இன்ஸ். கேட்டதும் இதுதான். நல்ல வாக்கியம் என்றுதான் நினைத்தேன்.

பழைய பள்ளியில் விசாரித்ததில் வாத்தியாருக்கு ஒரு பெண் இருப்பது தெரிந்தது. பெயர் ரத்தினம். தேனாம்பேட்டையில் பெண்கள் பள்ளி ஒன்றில் வேலை.

நவம்பர் 17, சனி

பள்ளி அரை நாள். ரத்தினம் வீட்டில் இருந்தாள். தோட்டங்களுக்கு நடுவே ஒற்றை அறை வீடு. வயது இருபத்தொன்று. தாயார் போன வருஷம் காலமானாள்.

பத்திரிகை ஆபீசிலிருந்து, அப்பாவைப் பற்றி அன்று வந்த செய்தி விஷயமாக வந்திருக்கிறேன் என்றேன். அவள் சொன்னது: அப்பா இறந்தபோது ஒன்பது வயது. செய்தியைப் பக்கத்து வீட்டுக்காரர் படித்துச் சொன்னார். இவ்வளவு வலியை என்னிடம் மறைத்துவிட்டாரே, நான் கவனிக்கவில்லையே என்று அம்மா சாகும்வரை சொல்லி அழுதாள். பெண்ணுக்கும் வந்துவிடும் என்ற பயத்தில் மிளகாயை வீட்டில் சேர்த்ததில்லை. இரண்டு வரன் வந்தன. வயிற்று நோய்க் குடும்பம் என்று கேள்விப்பட்டு இரண்டும் திரும்பிப் போயின.

ஐந்து வரி. நான்காம் பக்கம். அடியில்.

"எழுதினது நீங்களா?"

நான்தான் என்றேன்.

"எங்க வீட்டுக்கு வந்தீங்களா அன்னிக்கு?"

வரவில்லை என்றேன்.

எழுதி வைத்திருந்த திருத்தத்தைக் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தாள். "வயித்து வலின்னா அது நோவு, எங்க கையில இல்ல. இப்ப, நானும் அம்மாவும் வீட்டுல இருந்தும் போயிட்டாருன்னு ஆகுது." காகிதத்தை மடித்து என்னிடமே நீட்டினாள்.  அவள் வேண்டாம் என்றால் போடவில்லை என்றேன்.

"போடுங்க. பொய்யை எடுங்க. ஆனா இன்ஸ்பெக்டர் எழுதினதாலன்னு யார் சொன்னது?"

"அவரே சொன்னார்."

"எங்கப்பா சொன்னாரா? அன்னிக்கு ஏட்டு சொன்னதை எழுதினீங்க. இன்னிக்கு இன்ஸ்பெக்டர் சொல்றதை எழுதறீங்க."

குரலை உயர்த்தவில்லை. சொல்லிவிட்டு, மோர் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். குடித்தேன். என் வேலையைப் பற்றி முப்பத்தொரு வருஷத்தில் இத்தனை சரியாக யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன்.

பென்சில் எழுதிய காகிதம் சட்டைப் பையில்தான் இருந்தது. காட்டவில்லை.

அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். 'வயிற்று வலி என்று எழுதியது விசாரிக்காமல் எழுதியது, தவறு. காரணம் தெரியவில்லை.' கீழே என் பெயர். கிளம்பும்போது, புளியங்கொட்டையில் பின்னம் சொல்லித் தந்ததையும் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். அவளுக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தாராம், அதற்கு அவளே சாட்சி. சேர்த்தேன்.

நவம்பர் 19, திங்கள்

திருத்தம் இன்று வந்துவிட்டது. மூன்றாம் பக்கம். எழுத்துப் பிழை இல்லை. ஆபீசில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எடிட்டர் மட்டும் வெற்றிலை நீட்டினார்.

நேரே இன்ஸ். வீட்டுக்கு. பதினொன்று ஐந்து. கட்டிலருகே நின்று படித்தேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். தம் பெயரோ தம் குறிப்போ அதில் இல்லை என்பது புரியச் சற்று நேரமானது.

"அப்போ நான் காரணம் இல்லையா?"

தெரியாது என்றேன்.

"என்னாலதான்னா ஒத்துக்கறேன். இல்லேன்னா நிம்மதியாப் போறேன். தெரியாதுங்கறதை வெச்சுண்டு நான் என்ன பண்ணுவேன்?"

கேட்டபோது அவர் முகம் என் பக்கம் இல்லை, நாற்காலிப் பக்கம் இருந்தது.